கப்பலில் போன பதில்

சோரியாங்குப்பத்துக்கு அதுவரை வந்த தபால்கள் இரண்டே வகை. ஒன்று, யாரோ செத்துப்போனார்கள் என்ற கார்டு. இன்னொன்று, யாரோ சாகக் கிடக்கிறார்கள், வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்ற கார்டு. அதனால் 1971ஆம் வருஷம் தை மாதத்தில், ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட உறை ஒன்று பிரான்சிலிருந்து சின்னப்பிள்ளையின் பெயருக்கு வந்தபோது, தபால்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் ஊரே ஓடிவந்தது. நிறைமாதக்காரிகள் ஓடிவந்தார்கள். கட்டிலோடு கிடந்த கிழவர் ஒருவர் எழுந்து நடந்தே வந்துவிட்டார். நாய்கள் குரைக்க மறந்து வரிசையில் வந்தன.

உறைக்குள் இரண்டு சமாசாரங்கள் இருந்தன. முதலாவது கடிதம். எழுதியவன் சாமிநாதன். பூரணாங்குப்பத்துப் பையன், அப்பன் வழியில் பிரெஞ்சுப் பிரஜை, துலோன் என்ற பட்டணத்தில் பட்டாளத்தில் இருந்தான். சிப்பாய் என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், 'சொல்தா' என்று வெள்ளைக்காரன் சொல்கிறபடி சொல்ல வேண்டும். சொல்தா மாப்பிள்ளை என்றால் பாண்டிச்சேரி சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு கிராக்கி. தாசில்தார் மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றாலும், "ரவ இருங்க தம்பி, சொல்தா யாராச்சும் வராங்களான்னு பார்த்துட்டுச் சொல்றோம்" என்று மோர் கொடுத்து உட்காரவைப்பார்கள்.

சித்திரையில் லீவில் வருகிறேன், உங்கள் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன், அதற்குள் போட்டோவும் சம்மதமும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். பதில் போடும் செலவு உங்களுக்கு வேண்டாம், இத்துடன் ஒரு பதில் கூப்பன் வைத்திருக்கிறேன், உங்கள் ஊர்த் தபாலாபீசில் நீட்டினால் தபால்தலை தருவார்கள் என்றும் எழுதியிருந்தான்.

இரண்டாவது சமாசாரம் அந்தக் கூப்பன். உள்ளங்கையை விட ரவ நீளம். மொடமொடவென்று நோட்டுத்தாள் மாதிரி இருந்தது. அதன்மேல் ஊரில் ஒருவருக்கும் புரியாத பிரெஞ்சு எழுத்து. இடது பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை. சின்னப்பிள்ளை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கடைசியில் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது தபாலு காயிதம் இல்லடி" என்று பெண்டாட்டி தையலம்மாளிடம் சொன்னார். "தாம்பூலம். பிரான்சுல வெத்தலக்கொடி ஏது? அதான் கவர்மெண்டே தாம்பூலத்த அச்சடிச்சுக் குடுக்குது. மாப்பிள்ளை வூட்டுத் தாம்பூலம் நம்ம வூட்டுக்கு வந்துட்டுது."

உடனே நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பித்தளைத் தட்டில் வைத்து, சாமி படத்தடியில் கற்பூரம் காட்டினார். தையலம்மாள் விழுந்து கும்பிட்டாள். அவர்கள் மகள் அமுதம் மட்டும் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் மேட்டில் பாம்பைப் பார்த்தவள் போல அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னப்பிள்ளையின் அக்கா கனகாம்பாளுக்குச் சேதி போய்ச் சேர அரை நிமிஷம் ஆகவில்லை. ரோட்டு மேல் தபாலாபீசுக்கு நேர் எதிரில் ஆப்பக்கடை போட்டிருந்தவள் அவள். புருஷன் போன பிறகு அந்த ஒரு அடுப்பை வைத்தே ஒற்றைப் பிள்ளை மாரிமுத்துவை ஆளாக்கினவள். எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் காது இருந்ததே, பாகூர் ஏரியில் கெண்டை புரண்டு படுத்தால் சோரியாங்குப்பத்தில் அவளுக்குக் கேட்கும். வாயும் காதுக்கு இளைத்ததில்லை. அமுதம் பிறந்த அன்றைக்கே, "என் மருமவ பொறந்துட்டா" என்று ரோட்டில் போன பஸ்ஸை நிறுத்தி டிரைவர், கண்டக்டர், பிரயாணிகள் அத்தனை பேர் வாயிலும் சர்க்கரை போட்டவள். அன்று முதல் அந்தப் பேச்சு மாறியதில்லை. சின்னப்பிள்ளையும் மாறிப் பேசியதில்லை, அந்த உறை வருகிறவரைக்கும்.

சாயங்காலமே அவர் கடைக்கு வந்தார். கடையில் பத்துப்பேர் தின்றுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வந்தார்.

"யக்கா, ஒரு சேதி."

"சொல்லுடா. பொண்ணு கேட்டுக் கடுதாசி வந்துச்சாமே. என் வூட்ல ஒரு மாப்பிள்ளை குந்தியிருக்கறத எழுதிப் போட்டுட்டியா?"

"அதத்தான் சொல்ல வந்தேன். உன் புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கோ."

கனகாம்பாளின் கையிலிருந்த கரண்டி மாவிலேயே நின்றுவிட்டது. "இன்னாடா பேசற? இத்தினி வருசமா ஊரே…"

"இத்தினி வருசமா பிரான்சுலேர்ந்து கடுதாசி வரல. இப்ப வந்துட்டுது. உன் புள்ள பக்கத்துல நின்னா டீசல் வாட. என் பொண்ணு நாளைக்கு சென்ட்டு பூசற சனங்களோட நிக்கப் போறவ." பேசிக்கொண்டே தட்டிலிருந்த ஆப்பத்தில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு மென்றார். பத்துப்பேரும் பார்த்துக்கொண்டிருக்க, "த்தூ!" என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே துப்பினார். "ஆப்பத்துலயும் டீசலு!"

பத்துப்பேரும் சிரித்தார்கள். அவள் சுட்ட ஆப்பம் வாயில் இருக்க, புரையேறப் புரையேறச் சிரித்தார்கள். மாரிமுத்து பின்கட்டில் உட்கார்ந்து பம்ப்செட் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வட்டாரத்தில் படுத்துவிட்ட மோட்டார் எதுவானாலும் அவன் கை பட்டால் எழுந்துவிடும். அவன் வாய் மட்டும் எந்த மருந்துக்கும் எழாது. அன்றைக்கும் அது எழவில்லை.

விளக்கு வைத்த நேரத்தில் அமுதம் வந்தாள். ஆப்பம் வாங்குகிற சாக்கு.

"அத்த, எப்பிடியாச்சும் இத நிறுத்து."

"யாங்டி? பிரான்சு கசக்குதா?"

"எனக்கு மாரிமுத்து மாமா போதும்."

"அவன் பேசவே மாட்டானேடி."

"பேசாட்டி இன்னா? எங்கப்பாரு பேசற பேச்சே என் ஆயுசுக்கும் தாங்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்கே திருக்காஞ்சி கோயில்ல தாலி கட்டிடறேன்னு மாமா சொல்லுது அத்த."

"அவனா சொன்னான்? வாயத் தொறந்து?"

"ஆமா. நீ மட்டும் 'ம்'னு சொல்லு."

கனகாம்பாள் 'ம்' சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு எழுத்து. சொல்லியிருந்தால் மறுநாள் உச்சிவேளைக்குள் மருமகள் வீட்டுக்கு வந்திருப்பாள், சின்னப்பிள்ளை நாலு நாள் குதித்துவிட்டு ஐந்தாம் நாள் பேரப்பிள்ளைக்கு அரைஞாண் வாங்கப் போயிருப்பார். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் தம்பி துப்பிய இடம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சாணி போட்டு மெழுகியும் பட்டது.

"திருட்டுத் தாலியாடி என் புள்ளைக்கு?" என்றாள். "உங்கப்பன் தட்டு வெச்சு, மேளம் வெச்சு, இதே ரோட்டு மேல நடந்து வரணும். அன்னைக்கு ஆப்பம் தின்ன பத்துப்பேரும் பாக்கணும். 'யக்கா, என் பொண்ண எடுத்துக்கோ'ன்னு அவன் வாயால கேக்கணும். அதுக்கப்பறந்தாண்டி தாலி."

"அதுக்குள்ள அந்தாளு வந்துட்டா?"

"வர மாட்டான். நா பாத்துக்கறேன் போ."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது அவளுக்கே தெரியாது. அது மறுநாள் காலையில் தபாலாபீஸ் வாசலில் தானாகவே வந்து சேர்ந்தது.

சின்னப்பிள்ளை சும்மா வரவில்லை. மடிப்புக் கலையாத வேட்டி, தோளில் சரிகை அங்கவஸ்திரம், கையில் பித்தளைத் தட்டு; தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் மஞ்சள் பூசிய கூப்பன். பின்னால் ஒருத்தன் குடை பிடித்தான். தபாலாபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

போஸ்ட்மாஸ்டர் ஹமீது சட்டப்புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுக்கிற ஆள். தட்டை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டியதும், யாரோ தன்னையே பெண் கேட்டு வந்துவிட்டார்கள் என்று ஒரு கணம் மிரண்டுபோனார். பிறகு கூப்பனை எடுத்து, தும்மிக்கொண்டே மஞ்சளைத் தட்டி, முன்னும் பின்னும் பார்த்தார். அப்படி ஒன்றை அவர் வேலைக்கு வந்த நாளாகப் பார்த்ததில்லை. புத்தகத்தை எடுத்தார். விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். வெளியே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"செல்லும்" என்றார் கடைசியில்.

கூட்டம் கைதட்டியது. ஹமீது கூப்பனின் வலது பக்கத்தில் முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு, தபால்தலைகளைக் கிழித்து நீட்டினார்.

"அண்ணே, ஒரு விஷயம். இந்தக் கூப்பனுக்குக் கவர்மெண்டு குடுக்கறது கப்பல் தபாலுக்கு உண்டான ஸ்டாம்புதான். இத மட்டும் ஒட்டினா கடுதாசி கப்பல்ல போகும். ஏரோப்ளேன்ல போகணும்னா மேற்கொண்டு ரவ ஸ்டாம்பு வாங்கி ஒட்டணும்."

"கப்பல்ல எத்தினி நாளாவும்?"

"அது அல்லாவுக்குத்தான் தெரியும். சூயஸ் கால்வாய்ல சண்டை நடந்து அடைச்சுப் போட்டுட்டான். கப்பலு ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டுப் போகுது."

"அப்ப ஏரோப்ளேன்லயே போவட்டும். காசு எடுத்தாரல, வூட்டுக்குப் போய் எடுத்தாறேன்." தட்டோடு வெளியே வந்தார்.

ரோட்டின் இந்தப் பக்கத்தில் கனகாம்பாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டிருந்தாள். அவள் முகத்தில் பூத்த அன்பைப் பார்த்திருந்தால் அடுப்பே அணைந்திருக்கும்.

"தம்பீ!" என்று கூப்பிட்டாள். தேன் சொட்டியது. "நேத்து நா ரவ கோவமா இருந்தேன். பொறந்தவன் புள்ள நல்லா இருந்தா எனக்கு ஆகாதா? வா, குந்து. ஆமா, இன்னா சொல்றாரு பாய்?"

சின்னப்பிள்ளை சொன்னார். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி! மாப்பிள்ளை வூட்டுத் தாம்பூலத்தோட உன் காச கலக்கப் போறியா?"

"ஏன்க்கா, கலந்தா இன்னா?"

"இன்னாவா! பரிசப் பொடவ வந்தா, அது நீளம் பத்தலன்னு நம்ம வூட்டுத் துணிய ஒட்டுப் போட்டுத் தெச்சுக் கட்டுவியா? 'நீ குடுத்தது பத்தல'ன்னு மாப்பிள்ளை மூஞ்சியில எழுதி ஒட்டற மாதிரி இல்ல? கவர எடுத்துப் பாப்பான். அவன் குடுத்த ஸ்டாம்பு ஒரு பக்கம், உன் ஸ்டாம்பு ஒரு பக்கம். 'ஓகோ, என் காசு இவனுக்குக் காசாத் தெரியல'ன்னு தூக்கிப் போட்டுடுவான்."

சின்னப்பிள்ளைக்கு வியர்த்தது. "ஆனா கப்பலு லேட்டாவுமாம்க்கா."

"இந்தப் பக்கத்துலேர்ந்து சைகோனுக்குப் போனவன், பிரான்சுக்குப் போனவன், பேரு எடுத்தவன் எவனாச்சும் ஏரோப்ளேன்ல போனானா? அத்தினி பேரும் கப்பல்லதானேடா போனான்? பெரிய மனுசன் கடுதாசி பெரிய மனுசன் மாதிரி போவணும். காக்கா மாதிரி பறந்து போவறது ஒரு கௌரவமா?"

கௌரவம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் சின்னப்பிள்ளைக்கு அதற்குமேல் இரண்டு காதும் அடைத்துவிடும். நேரே திரும்பிப் போய், கூப்பனுக்கு வந்த தபால்தலைகளை மட்டும் ஒட்டினார். ஹமீது தலையில் அடித்துக்கொண்டு, "அண்ணே, சித்திரைக்குள்ள போகாதுண்ணே" என்றார். "நீ ஸ்டாம்பு விக்கத்தான் பாக்கற பாய்" என்று சொல்லிவிட்டு, உறையைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைச் சுற்றிச் சூடம் காட்டினார். உறைக்குள் இருந்தது முந்தின நாளே பாகூர் ஸ்டூடியோவில் எடுத்து, ராத்திரியே கழுவி வாங்கிய அமுதத்தின் போட்டோ. பக்கத்தில் பிளாஸ்டிக் பூ ஜாடி. அழுது வீங்கிய முகத்துக்கு ஸ்டூடியோக்காரர் பவுடர் அப்பியதில் பெண் தேவலோகத்திலிருந்து நேரே இறங்கியவளாக இருந்தாள். கடிதத்தில் மாப்பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெயர் சொல்லி எழுதினால் மரியாதைக் குறைவென்று, முதலிலிருந்து கடைசிவரை 'மாப்பிள்ளை அவர்களுக்கு', 'மாப்பிள்ளை அவர்களே' என்றே போயிற்று.

அதன்பிறகு கனகாம்பாள் அனுபவித்த ஆனந்தத்தை எந்த ராணியும் அனுபவித்திருக்க மாட்டாள். தினம் காலையில் ஹமீதுக்கு ஆப்பம் கொடுக்கும்போது ஒரே கேள்வி.

"பாய், நம்ம கப்பலு இன்னிக்கு எங்க போவுது?"

"கொழும்பு தாண்டியிருக்கும்."

மாசியில், "இப்ப எங்க பாய்?"

"நடுக்கடல்."

"காத்து கீத்து அடிச்சுப் பின்னால தள்ளாதா?"

பங்குனியில் ஹமீது சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஆப்பிரிக்காவின் வாலைத் தொட்டுக் காட்டினார். அவள் எட்டி நின்று பார்த்து, அந்த வால் இன்னும் நாலு விரற்கடை நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று வருத்தப்பட்டாள். அன்றைக்கு அவருக்கு ஒரு ஆப்பம் கூடுதலாக விழுந்தது.

சித்திரையில் சாமிநாதன் வந்தான். சின்னப்பிள்ளை வீட்டுக்கு வெள்ளையடித்தார், மாட்டுக்கொம்புக்குச் சாயம் அடித்தார், பந்தல் போட்டார். வாசலில் கண்வைத்துப் பத்து நாள் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வரவில்லை. பதினோராம் நாள் பாகூர் கடைத்தெருவில் சாமிநாதன் நடந்துபோகிறான் என்று கேள்விப்பட்டு, மேல்துண்டு பறக்க ஓடிப் போய் வழியை மறித்தார்.

"மாப்பிள்ளை! நாந்தான்! சோரியாங்குப்பம்! சின்னப்பிள்ளை!"

சாமிநாதன் கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தான். "எந்தச் சின்னப்பிள்ளை?"

"கூப்போன் வெச்சு அனுப்பினீங்களே!"

"உங்ககிட்டேர்ந்து பதிலே வரலியே பெரியவரே. வராதது நல்லதுதான். பந்தல் போட்டுட்டீங்களாமே, பிரிக்காதீங்க. வேர்க்கடல காயப்போடலாம்."

கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. மளிகைக்கடை காஜா மொய்தீன் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு அரைமணி நேரம் ஆடிக்கொண்டே இருந்தது என்று அந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள். சின்னப்பிள்ளை துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எல்லோரும் போகிற வழியை விட்டு, வயல் வரப்பு வழியாக ஊர் வந்து சேர்ந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சாமிநாதன் ஒரு சிநேகிதனோடு கனகாம்பாளின் கடையிலேயே வந்து உட்கார்ந்து ஆப்பம் தின்றான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"ஓதியம்பட்டுப் பொண்ண போன லீவுலயே முடிவு பண்ணிட்டேன்பா" என்று சிநேகிதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்கம்மாதான், நாலு எடம் பாத்தோம்னு ஒரு பேரு வேணும், இல்லாட்டி ஓதியம்பட்டுக்காரன் சீரு செய்யறதுல கைய இழுத்துக்குவான்னுச்சு. அதான் நாலு வூட்டுக்குக் கூப்போன் வெச்சுப் போட்டேன். மூணு வூட்லேர்ந்து பதிலு வந்துச்சு. முகாம்ல எல்லாரும் படிச்சுச் சிரிச்சோம். போட்டோவெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன்."

கனகாம்பாள் சட்னி ஊற்றினாள். ஆக, பதில் ஆகாயத்தில் பறந்திருந்தாலும் சாமிநாதன் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பான். அமுதம் இங்கேயேதான் இருந்திருப்பாள். இதற்குப் போய் இத்தனை மெனக்கெட்டோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கப்பலை அவள் அந்த நிமிஷமே மறந்துபோனாள். கப்பல் அவளை மறக்கவில்லை.

ஆனி கடைசியில், இருட்டுகிற சமயம் பார்த்து, சின்னப்பிள்ளை அக்காவின் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். தலை நிமிரவில்லை.

"யக்கா, பொண்ண எடுத்துக்கோ."

"யார்ரா அது? இருட்டுல தெரியல."

"நாந்தான்க்கா."

"எந்தச் சின்னப்பிள்ளை?" என்றாள். பாகூர்ச் சேதி அவளுக்கு வந்து சேராமலா இருக்கும்?

அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை. கால் கடுக்க நிற்கவைத்து, ஒரு படி உளுந்தைப் பொறுக்கி முடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"பின்வாசலு வழியா நாயிதான் வரும். ஆவணி மொத முகூர்த்தத்துல, பகல்ல, ரோட்டு மேல, தட்டும் மேளமுமா வா. தபாலாபீசு வாசல்ல நின்னு ஊரு கேக்கக் கேளு. அப்ப யோசிக்கறேன்."

"நாளைக்கே தாலி கட்டிக்கட்டுமேக்கா. நாளன்னிக்கு ஆடி பொறக்குது."

"ஆவணி."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு 'சரி' என்றார். மறுநாள் காலையில் அமுதம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும் அத்த. எங்கப்பாரு உள்ளுக்குள்ள செத்துட்டாரு. இன்னிக்கே சரின்னு சொல்லிடு. எனக்கு இன்னாவோ பயமா இருக்குது."

"ஒரு மாசம் பொறுக்க முடியலியாடி? நா இருவது வருசம் பொறுத்தவ" என்று கனகாம்பாள் அவள் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினாள். மாரிமுத்து பின்கட்டிலிருந்து எழுந்து வந்து அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஆடிப்பெருக்கு அன்று மத்தியானம் ஒரு வாடகை அம்பாசிடர் கார், என்ஜினிலிருந்து ஆவி கக்கிக்கொண்டு, ஆப்பக்கடை வாசலில் வந்து நின்றுபோனது. பின்சீட்டிலிருந்து ஒரு ஆள் இறங்கினார். இறங்கினார் என்பதைவிடப் பகுதி பகுதியாக வெளியே வந்தார் என்று சொல்லலாம். முதலில் கைத்தடி, பிறகு நீட்டி மடக்க முடியாத ஒரு கால், பிறகு மார்பில் மெடல், கடைசியாகத் தலை. தலைக்குப் பூசிய கறுப்பு மை வியர்வையில் கரைந்து காதுவழியே சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. சிரித்தார். கட்டியிருந்த பல்வரிசை சிரிப்பு முடிந்த பிறகும் ரவ நேரம் வெளியே நின்றது.

"யம்மா, சின்னப்பிள்ளைன்னு ஒருத்தரு வூடு எது?"

வந்தது யாரோ தூரத்துச் சொந்தக்காரப் பெரியவர் என்று நினைத்து, கனகாம்பாள் முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்தாள். ஆப்பம் கொடுத்தாள். தண்ணீரில் தோய்த்துத் தின்றார். "மாரிமுத்து, பெரியவர் வண்டிய ரவ பாருடா" என்றாள். மாரிமுத்து கார் மூடியைத் திறந்து, ஓட்டைக் குழாயை அடைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரே தட்டில் என்ஜினைக் கிளப்பிவிட்டான். பிறகு வழி காட்ட முன்சீட்டில் ஏறி, மாமன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்தான்.

வந்தவர் பெயர் தேசிங்கு. துலோன் முகாமில் சொல்தாவுக்கு ஒரு படி மேலான கப்ராலாக இருந்து, பென்ஷன் வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர். வயது ஐம்பத்தைந்து என்று அவரே சொன்னார், அதனால் மேற்கொண்டு எவ்வளவு கூட்டுவது என்பதில் ஊர் இரண்டுபட்டது. முதல் பெண்டாட்டி செத்துப்போனாள். இரண்டாவது வெள்ளைக்காரி, இரவோடு இரவாக ரொட்டிக்கடைக்காரனோடு போய்விட்டாள். வைகாசிக் கடைசியில் ஆப்பிரிக்காவைச் சுற்றி முடித்து அந்தக் கடிதம் முகாமுக்குப் போனபோது, சாமிநாதன் லீவு முடிந்து புதுப் பெண்டாட்டியோடு வேறு தேசத்துக்கு மாற்றலாகிவிட்டான். தமிழ்க் கடிதம், வாங்க ஆளில்லை. தமிழ் தெரிந்தவரென்று தேசிங்கிடம் நீட்டிவிட்டார்கள்.

"பிரிச்சேன்" என்று சின்னப்பிள்ளையிடம் அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். "'மாப்பிள்ளை அவர்களே'ன்னு இருந்துச்சு. எனக்கே எழுதின மாதிரி இருந்துச்சு. போட்டோவ பாத்தேன். ஏரோப்ளேன் ஏறிட்டேன்." சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தார். அமுதத்தின் முகம் மடிப்பு விழுந்து, வியர்வை பட்டு, மூலை மழுங்கியிருந்தது.

சின்னப்பிள்ளை அவர் காலில் விழுந்தார். வயதுக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

அமுதம் கிணற்றில் குதிப்பேன் என்றாள். சின்னப்பிள்ளை கிணற்றுக்கு மூடி போட்டார். அரளிவிதை தின்பேன் என்றாள். ஊரிலிருந்த அரளிச்செடியெல்லாம் ஒரே பகலில் வேரோடு போயிற்று. பெண்ணை நெல் குதிர் அறைக்குள் தள்ளி, கப்ரால் கொண்டுவந்த பெட்டியின் பிரெஞ்சுப் பூட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார். மாரிமுத்து ஸ்பானர், கம்பி, அரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டினான். அவன் கைக்குத் திறக்காதது உலகத்தில் அது ஒன்றுதான். சின்னப்பிள்ளையின் ஆட்கள் அவனைக் களத்துமேட்டில் போட்டு மிதித்தார்கள். அந்த வருஷம் நெல்லைக்கூட அப்படி மிதிக்கவில்லை.

கனகாம்பாள் தம்பி வீட்டு வாசலுக்கு ஓடினாள். பகலில், முன்வாசலுக்கு. "பொண்ண குடுத்துடுடா. தட்டும் வேணாம், மேளமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று தெருவில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். சின்னப்பிள்ளை வெளியே வந்து அவளைத் தூக்கி நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உன் கடன நா மறப்பனாக்கா?" என்றார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். பந்தலிலிருந்து தபாலாபீஸ் வரைக்கும் மரத்துக்கு ஒன்றாகக் குழாய் ரேடியோ கட்டியிருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் சின்னப்பிள்ளை மைக்கைப் பிடித்தார். கூட்டத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால் நின்ற கனகாம்பாளை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து வந்து மேடையில் ஏற்றினார்கள். தாலி அறுத்தவள் மேடை ஏறக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். சின்னப்பிள்ளை அவர்களை அதட்டினார்.

"இந்தக் கல்யாணம் யாரால நடக்குது தெரியுமா? என் அக்காவால! நா காசு போட்டு ஏரோப்ளேன்ல அனுப்பத்தான் இருந்தேன். அனுப்பியிருந்தா அந்தப் பூரணாங்குப்பத்துப் பொறுக்கி கையில போய்ச் சேந்திருக்கும். 'கலக்காதடா, கப்பல்ல அனுப்புடா'ன்னு தடுத்தவ எங்கக்கா! கப்பல்ல போனதாலதான் கப்ரால் மாப்பிள்ளை கையில சேந்துது. இவ காலுல விழும்மா அமுதம்!"

குழாய்கள் அதை மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போயின. எங்கோ தூரத்தில் கடைசிக் குழாய் 'எங்கக்கா' என்று முடிக்கும்போது, மேடையில் அமுதம் நிமிர்ந்து அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"நீயா அத்த?" என்றாள்.

கனகாம்பாளின் வாய் திறந்தது. அந்த வட்டாரத்தின் பெரிய வாய் அது. ஒரு சத்தம் வரவில்லை.

அமுதம் குனிந்து அவள் காலைத் தொட்டாள். பக்கத்தில் கப்ரால் குனிய முடியாமல் தடியை ஊன்றி, பல்வரிசை முழுவதும் தெரியச் சிரித்தார். கனகாம்பாளின் கைக்குள் யாரோ ஒரு பிடி அட்சதையைத் திணித்தார்கள்.

"போடுக்கா, நல்லா மனசார வாழ்த்திப் போடு!" என்று மைக்கில் கத்தினார் தம்பி.

ஊரே பார்த்தது. அவள் போட்டாள்.